முற்போக்கு பாப்புலிசமா, மையவாதமா? தேர்தல் எண்களைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி தோற்றால், வாக்கு எண்ணி முடிவதற்குள்ளேயே கட்சிக்குள் வழக்கு தொடங்கிவிடும். இடதுசாரிகள் பேசிய பேச்சைக் கேட்டு நடுநிலை வாக்காளர் மிரண்டுவிட்டார் என்பார் ஒருவர். பணக்காரர்களோடு கைகோத்துக்கொண்டு உழைக்கிறவர்களைக் கைவிட்டதால்தான் தோற்றோம் என்பார் இன்னொருவர். 2016இலும் இதே வழக்கு, 2024இலும் இதே வழக்கு. 2020இல் அதிபர் பதவியை வென்ற பிறகும்கூட இது ஓயவில்லை. இரு தரப்பும் எண்களோடுதான் வருகின்றன. புதிதாக வாசிப்பவருக்கு இரண்டுமே சரி என்று தோன்றும். அந்த எண்களில் எது எதைச் சொல்கிறது, எது ஒன்றுமே சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கலாம்.

யார் எந்தப் பக்கம்

முற்போக்கு பாப்புலிசம் சமூகத்தை இரண்டாகப் பார்க்கிறது. மேலே பெரும் பணக்காரர்கள், பெருநிறுவனங்கள், மருந்துக் கம்பெனிகள். கீழே மற்ற எல்லோரும். அரசு கீழே இருப்பவர் பக்கம் நிற்க வேண்டும், அதற்காக மேலே இருப்பவரோடு மோதியாக வேண்டும் என்பது அதன் சாரம். அனைவருக்கும் அரசே நடத்தும் மருத்துவக் காப்பீடு, உயர்ந்த குறைந்தபட்சக் கூலி, பெருஞ்சொத்துக்கு வரி, தொழிற்சங்க உரிமை, வாடகைக் கட்டுப்பாடு ஆகியவை வழக்கமான கோரிக்கைகள். வெர்மாண்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ், நியூயார்க்கின் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ், அந்த நகரத்தின் மேயர் தேர்தலில் 2025இல் வென்ற சோரான் மம்தானி ஆகியோர் இதன் இன்றைய முகங்கள். நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் முற்போக்கு அணிக்குத் தலைமை தாங்கிய பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர்.

இது நேற்று முளைத்ததல்ல. கடன் சுமையாலும் ரயில் கட்டணத்தாலும் நொந்துபோன விவசாயிகளின் மக்கள் கட்சி 1892 ஜூலையில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் கூடித் தன் முதல் அதிபர் வேட்பாளரை அறிவித்தது. அந்த வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 8.5 சதவீத வாக்கும், மாநிலவாரியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் 22ம் பெற்றார். ஒமாஹாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கின் சிறந்த சாட்சியங்கள் அந்த ஊரைச் சுற்றியே கிடைக்கின்றன.

மையவாதத்தின் வாதம் வேறு. பெரும்பாலான வாக்காளர்கள் தீவிரக் கருத்து உடையவர்கள் அல்ல. பெரிய மாற்றம் என்றால் அவர்களுக்கு ஆசையைவிடப் பயமே முந்தி வரும். எனவே சிறிய, செலவு குறைந்த, இரு கட்சியினரும் ஒப்புக்கொள்ளக்கூடிய திட்டங்களைச் சொல்ல வேண்டும். சொந்தக் கட்சியின் பிரபலமற்ற நிலைப்பாடுகளிலிருந்து வெளிப்படையாக விலகி நிற்க வேண்டும். 1972இல் ஜார்ஜ் மெக்கவர்ன் 49 மாநிலங்களை இழந்தார். 1984இல் வால்டர் மாண்டேலும் 49 மாநிலங்களை இழந்தார். அந்த அடிகளுக்குப் பிறகு, 1985இல், கட்சியை நடுவுக்கு இழுக்கவென்றே ஜனநாயகத் தலைமைக் குழு என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த பில் கிளின்டன் 1992இல் வென்றார்.

மையவாதிகள் அதிகம் காட்டும் சான்று அந்த 1992தான். அதில் ஒரு சிக்கல் உண்டு. கிளின்டன் பெற்றது 43 சதவீதம் மட்டுமே. சுயேச்சை ராஸ் பெரோ ஏறத்தாழ 19 சதவீதத்தை எடுத்துச் சென்றார். பொருளாதாரமும் மந்தமாக இருந்தது. பாப்புலிஸ்டுகள் காட்டும் 1936க்கும் இதே குறைதான். பெரும் பணக்காரர்களை "பொருளாதார மன்னர்குலம்" என்று சாடிய ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48இல் 46 மாநிலங்களை வென்றார் என்பது உண்மை. ஆனால் பெருமந்தத்திலிருந்து நாடு மீண்டுகொண்டிருந்தபோது வென்றவர் அவர். பேச்சு எவ்வளவு, பொருளாதாரம் எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. ஒரே ஒரு அதிபர் தேர்தலை வைத்து இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நடு என்பது எங்கே இருக்கிறது

மையவாதத்தின் அடித்தளம் ஒரு பழைய கோட்பாடு. பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் 1957இல் அதை விரித்தெழுதினார். நீண்ட ஒரே தெரு, இரண்டு டீக்கடைகள், மக்கள் அருகில் இருக்கும் கடைக்கே போவார்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கடைக்காரர்களும் மெல்ல மெல்ல நடுத்தெருவுக்கு நகர்வதுதான் லாபம். தெருவின் இடது கோடியில் இருப்பவருக்கு வேறு கடை இல்லை, அவர் எப்படியும் வருவார். நடுவில் குடியிருப்பவரைப் பிடித்தவருக்கே வியாபாரம்.

கோட்பாடு அழகாக இருக்கிறது. நடைமுறையில் மூன்று இடங்களில் இது இடறும். முதலாவது, கோடியில் இருப்பவர் டீயே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடலாம். இரண்டாவது, அமெரிக்காவில் வேட்பாளர் இரண்டு முறை ஜெயிக்க வேண்டும். பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் கட்சிப் பற்று மிகுந்த சிலரே வாக்களிப்பார்கள், அங்கே நடு என்பது வேறு இடத்தில் இருக்கும். மூன்றாவதுதான் பெரியது: தெரு ஒன்றல்ல, இரண்டு. பொருளாதாரத்துக்கு ஒரு தெரு. குடியேற்றம், மதம், துப்பாக்கி, பாலினம் போன்ற பண்பாட்டு விஷயங்களுக்கு இன்னொரு தெரு.

2016 வாக்காளர்களை இந்த இரண்டு தெருக்களிலும் வைத்து அரசியல் அறிஞர் லீ ட்ரட்மன் வரைந்த படம் பரவலாகப் பேசப்பட்டது. பொருளாதாரத்தில் இடதுபுறம், பண்பாட்டில் வலதுபுறம் என்று இருந்தவர்கள் ஏறத்தாழ 29 சதவீதம். அதற்கு நேர் எதிராக, பொருளாதாரத்தில் வலதுபுறம், பண்பாட்டில் இடதுபுறம் இருந்தவர்கள் 4 சதவீதம்கூட இல்லை. வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் நன்கொடையாளர்களும் கட்டுரையாளர்களும் "நடுநிலை" என்று பல நேரம் சொல்வது இந்த 4 சதவீதத்தைத்தான்: வரியைக் குறை, வணிகத்தில் தலையிடாதே, மற்றபடி தாராளமாக இரு. அப்படிப்பட்ட வாக்காளர் விமான நிலையங்களில் நிறைய இருப்பார், வாக்குச்சாவடியில் கிடைக்கமாட்டார். உண்மையான நடு வாக்காளர் மருந்து விலையைக் குறைக்கச் சொல்வார், எல்லையையும் மூடச் சொல்வார்.

அதனால் "மையவாதம்" என்ற சொல்லைக் கேட்டவுடனே எந்தத் தெருவின் மையம் என்று கேளுங்கள். பாதி வாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இழுப்பதா, எழுப்புவதா

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. மூன்று லட்சம் பேர் வாக்களித்த தொகுதியில் 6,000 வாக்கில் தோற்றதாக வைத்துக்கொள்வோம். எதிராளிக்கு வாக்களித்தவர்களில் 3,001 பேரை இழுத்தால் போதும். நம் பெட்டியில் 3,001 கூடும், அவர் பெட்டியில் 3,001 குறையும். வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை எழுப்பி அழைத்து வந்து வெல்ல வேண்டுமானால் 6,001 பேர் வேண்டும், அதுவும் அத்தனை பேரும் நமக்கே போட்டால்தான். புதிதாக வருபவர்களில் 60 சதவீதம் நமக்கும் 40 சதவீதம் எதிராளிக்கும் என்றால் நிகர லாபம் 20 சதவீதம்தான். அப்போது 30,000 பேருக்கு மேல் வாக்குச்சாவடிக்கு வந்தாக வேண்டும்.

முற்போக்காளர்கள் நெடுங்காலம் சொல்லி வந்த ஒரு வாதம் இந்தக் கணக்கில்தான் தடுமாறுகிறது. வாக்களிக்காதவர்கள் ஏழைகள், இளைஞர்கள், அவர்கள் நம் பக்கம், துணிச்சலான திட்டம் சொன்னால் எழுந்து வருவார்கள் என்பது அந்த வாதம். 2024இல் வாக்களிக்காதவர்களிடம் பியூ ஆய்வு மையம் விசாரித்தபோது, வாக்களித்திருந்தால் டிரம்புக்கு என்றவர்கள் 44 சதவீதம், கமலா ஹாரிஸுக்கு என்றவர்கள் 40 சதவீதம். உறங்கும் இடதுசாரிப் படை என்று ஒன்று அங்கே இல்லை.

ஆனால் இழுப்பதும் எளிதல்ல. தொலைபேசி, தபால், வீடுவீடாகப் போவது ஆகிய பிரச்சார முறைகளைச் சோதித்த 49 களப் பரிசோதனைகளை ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் 2018இல் தொகுத்துப் பார்த்தார்கள். பொதுத் தேர்தலில் இவை ஒருவரின் மனத்தை மாற்றும் அளவு சராசரியாகச் சுழியம் என்று முடிவு வந்தது. அதாவது தவறான வேட்பாளரை நிறுத்திவிட்டு விளம்பரத்தால் சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்பு வீண். யார் நிற்கிறார், என்ன சொல்கிறார் என்பதில்தான் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

ஒமாஹா சொல்லும் கதை

நெப்ராஸ்காவின் இரண்டாவது மாவட்டம், அதாவது பிரதிநிதிகள் சபைத் தொகுதி, ஒமாஹா நகரமும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்தது. 2018இல் அங்கே ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், முன்னாள் உறுப்பினரும் மிதவாதியுமான பிராட் ஆஷ்ஃபோர்டைத் தோற்கடித்து காரா ஈஸ்ட்மன் வேட்பாளரானார். அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு அவருடைய முதன்மை வாக்குறுதி. குடியரசுக் கட்சியின் டான் பேக்கனிடம் ஏறத்தாழ இரண்டு புள்ளியில் (இருவரின் வாக்குச் சதவீதங்களுக்கு இடையிலான வித்தியாசம்) தோற்றார். 2020இல் மீண்டும் நின்றார். அந்த ஆண்டு அதே மாவட்டத்தில் ஜோ பைடன் 6.5 புள்ளி வித்தியாசத்தில் வென்றார், ஈஸ்ட்மன் 4.6 புள்ளியில் தோற்றார். ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு, அதே வாக்காளர்கள். இடைவெளி 11 புள்ளி. பைடனுக்குப் போட்டுவிட்டு ஈஸ்ட்மனுக்குப் போடாதவர்கள் பலர்.

மையவாதிகளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். 2022இலும் 2024இலும் அதே மாவட்டத்தில் கட்சி டோனி வர்காஸை நிறுத்தியது. ஈஸ்ட்மனைவிட மிதமானவர். 2024இல் ஹாரிஸ் அங்கே நான்கு புள்ளிக்கு மேல் முன்னிலை பெற்றார். வர்காஸோ ஏறத்தாழ இரண்டு புள்ளியில் தோற்றார். இடைவெளி 11இலிருந்து ஏறத்தாழ 6ஆகச் சுருங்கியது, மறையவில்லை. காரணம் எதிர்ப்பக்கம் இருந்தது. பேக்கன் டிரம்பை அவ்வப்போது விமர்சிக்கும், மிதவாதி என்று பெயர் எடுத்த குடியரசுக் கட்சிக்காரர். மிதவாதத்துக்கு மதிப்பு உண்டு என்பதற்கு அவரும் ஒரு சான்றுதான், எதிர்க்கட்சிச் சட்டையில்.

இனி அதே மாநிலத்தின் மறுபக்கம். 2021இல் கெல்லாக்ஸ் நிறுவனத்தின் நான்கு ஆலைகளில் ஏறத்தாழ 1,400 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒமாஹா ஆலையில் அதை முன்னின்று நடத்தியவர் இயந்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளியான டான் ஆஸ்போர்ன். 2024இல் அவர் செனட் தேர்தலில் சுயேச்சையாக நின்றார்; ஜனநாயகக் கட்சி வேட்பாளரை நிறுத்தாமல் ஒதுங்கிக்கொண்டது. பேச்சு முழுக்க பெருநிறுவனங்களுக்கு எதிராக: பணக்காரர்கள் நடத்தும் செனட், தொழிற்சங்க உரிமை, வாங்கிய டிராக்டரைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் விவசாயியின் உரிமை. ஆனால் துப்பாக்கி உரிமைக்கு ஆதரவு, எல்லைக் கண்காணிப்பில் கறார். இரு கட்சிகளோடும் சேரமாட்டேன் என்றார். ஹாரிஸ் 20 புள்ளியில் தோற்ற மாநிலத்தில் ஆஸ்போர்ன் 7 புள்ளிக்குள் தோற்றார். ஏறத்தாழ 14 புள்ளி கூடுதல்.

அவர் பாப்புலிஸ்டா, மையவாதியா? இரு முகாமும் அவரைத் தம் ஆள் என்கின்றன. பொருளாதாரத் தெருவில் இடதுபுறம், பண்பாட்டுத் தெருவில் தன் மாநிலத்தின் நடுப்புள்ளியில் என்பதே துல்லியமான விவரிப்பு. ட்ரட்மன் படத்தின் அந்த 29 சதவீதம் வசிக்கும் இடம் அதுதான். தோற்றார் என்பதையும் மறக்கக்கூடாது. 14 புள்ளி கூடுதலாகப் பெற்றும் போதவில்லை என்றால், ஜனநாயகக் கட்சியின் பெயர் அங்கே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெற்றி தோல்வியை அளக்கும் கோல்

மேலே செய்தது ஓர் அளவிடும் முறை. வேட்பாளர் வென்றாரா என்று பார்க்காமல், அதே இடத்தில் அதே நாளில் கட்சியின் அதிபர் வேட்பாளர் பெற்ற வித்தியாசத்தோடு ஒப்பிடுவது. இது இல்லாமல் எந்த வாதமும் செல்லாது. இந்தக் கோலை வைத்துச் சில பெயர்களை அளந்து பார்க்கலாம்.

2018இல் மேற்கு வர்ஜீனியாவில் ஜோ மான்ச்சின் செனட் தேர்தலில் 3 புள்ளியில் வென்றார். இரண்டு ஆண்டு முன்பு அங்கே டிரம்பின் முன்னிலை 42 புள்ளி. கட்சிக்குள் முற்போக்காளர்கள் வெறுத்த மனிதர் அவர். ஆனால் இந்த ஒரு எண்ணுக்கு அவர்களிடம் பதில் கிடையாது. 2024இல் அவர் ஒதுங்கியதும் அந்த இடம் குடியரசுக் கட்சிக்கு 41 புள்ளி வித்தியாசத்தில் போனது. மேயின் மாநிலத்தின் இரண்டாவது மாவட்டத்தை 2024இல் டிரம்ப் ஏறத்தாழ 9 புள்ளியில் வென்றபோதும் ஜாரெட் கோல்டன் தன் இடத்தைக் காப்பாற்றினார். அவர் கட்சியை எதிர்த்து அடிக்கடி வாக்களித்தவர், அதே சமயம் தொழிற்சங்க ஆதரவாளர். 2024இல் மொன்டானாவில் மிதவாதி ஜான் டெஸ்டர் 7 புள்ளியில் தோற்றார், ஹாரிஸ் 20இல். ஓஹையோவில் வர்த்தக ஒப்பந்தங்களை வாழ்நாளெல்லாம் எதிர்த்த பாப்புலிஸ்ட் ஷெராட் பிரவுன் 4 புள்ளிக்குள் தோற்றார், ஹாரிஸ் 11இல்.

மறுபக்கம் சாண்டர்ஸ். 2024இல் வெர்மாண்டில் 63 சதவீதம் பெற்று எளிதாக வென்றார். ஆனால் அதே மாநிலத்தில் ஹாரிஸ் பெற்ற வாக்குகள் அவர் பெற்றதைவிடச் சற்றே அதிகம். எலிசபெத் வாரனும் மாசசூசெட்ஸில் ஹாரிஸுக்குச் சற்றுப் பின்தங்கினார். இவர்கள் வெற்றி உறுதியான இடங்களில் வெல்கிறார்கள். கூடுதலாக எதையும் கொண்டுவரவில்லை. "பெர்னி நின்றிருந்தால் வென்றிருப்பார்" என்பதற்கு இந்த எண்கள் உதவாது. பொய் என்று நிரூபிக்கவும் போதாது.

கல்வித்துறை ஆய்வுகளில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது ஆண்ட்ரூ ஹால் 2015இல் வெளியிட்டது. 1980 முதல் 2010 வரை பிரைமரிகளில் தீவிரமானவரும் மிதமானவரும் மயிரிழையில் மோதிய இடங்களை எடுத்துக்கொண்டார். மயிரிழையில் யார் வென்றார் என்பது ஏறக்குறைய குலுக்கல் போன்றது. ஆகவே ஒப்பீடு நியாயமானது. தீவிரமானவர் வேட்பாளரானால் பொதுத் தேர்தலில் கட்சியின் வாக்கு 9 முதல் 13 புள்ளிவரை சரிந்தது. பின்னர் டேனியல் தாம்சனுடன் சேர்ந்து காரணத்தையும் தேடினார். தீவிர வேட்பாளர் தம் ஆதரவாளர்களை எழுப்புவதைவிட, எதிர்க்கட்சிக்காரர்களையே அதிகம் எழுப்பிவிடுகிறார். அண்மைத் தேர்தல்களில் இந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியிருக்கிறது. வாக்காளர்கள் ஆளைப் பார்க்காமல் கட்சியைப் பார்த்துப் போடுவது கூடியதே காரணம். மிச்சம் எத்தனை புள்ளி என்பதில் கணக்குப் போடுபவர்களுக்குள்ளேயே தகராறு நடக்கிறது. சில புள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 43,000 வாக்கில் முடிவாயின. அங்கே ஒரு புள்ளிகூடப் பெரிதுதான்.

திட்டம் ஜெயிக்கிறது, கட்சி தோற்கிறது

பாப்புலிஸ்டுகளின் பலமான சாட்சி வேட்பாளர்களிடம் இல்லை, நேரடி வாக்கெடுப்புகளில் இருக்கிறது. 2020இல் ஃபுளோரிடாவில் டிரம்ப் வென்றார். அதே நாளில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் திருத்தத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. 2018இல் மிசௌரியிலும் கூலி உயர்வு 62 சதவீதத்தோடு நிறைவேறியது; அதே வாக்குச்சீட்டில் மிதவாதச் செனட்டர் கிளேர் மெக்கஸ்கில் தோற்றார். 2024இல் மிசௌரி மீண்டும் கூலி உயர்வுக்கும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்புக்கும் வாக்களித்தது, டிரம்புக்கும் வாக்களித்தது.

இதைச் சரியாகப் படிக்க வேண்டும். இடதுசாரிப் பொருளாதாரத் திட்டங்கள் வாக்காளரை விரட்டுவதில்லை என்பதை இவை காட்டுகின்றன. ஆனால் அவற்றைச் சொன்னால் கட்சிக்கு வாக்கு வரும் என்பதைக் காட்டவில்லை. மிசௌரியில் 2024இல் பாப்புலிஸ்ட் பாணியில் நின்ற லூக்காஸ் கன்ஸ் ஏறத்தாழ 14 புள்ளியில் தோற்றார். கூலிக்கு ஆம், வேட்பாளருக்கு இல்லை. நல்ல திட்டத்தை வேண்டாத கட்சி கொண்டுவந்தால், வாக்காளர் திட்டத்தை எடுத்துக்கொண்டு கட்சியைத் திருப்பி அனுப்புகிறார்.

திட்டங்களுக்குள்ளேயும் தராதரம் உண்டு. கூடுதலாகக் கொடுப்பது எளிதில் பிடிக்கும். இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்று தருவது பயமுறுத்தும். 2019 ஜனவரியில் கைசர் அறக்கட்டளையின் கருத்துக்கணிப்பில், அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு 56 சதவீத ஆதரவு. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நீக்கப்படும் என்று சொன்னதும் அது 37 ஆனது. தேர்தலில் அந்த இரண்டாவது வாக்கியத்தை எதிராளி விளம்பரமாகப் போடுவார், ஒவ்வொரு இரவும். எனவே ஒரு திட்டத்துக்கு ஆதரவு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், எதிர்வாதத்தையும் கேட்டபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

மையவாதம் எங்கே சறுக்குகிறது

இதுவரை வாசித்தவர் மையவாதம் ஜெயித்துவிட்டது என்று நினைக்கலாம். 2016ஐப் பாருங்கள். ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கு மேல் கூடுதல் வாக்கு வாங்கியும், மிஷிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 78,000 வாக்கில் தோற்றார். ஆலைகள் மூடிய அந்த ஊர்களில், 1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தை டிரம்ப் நாள்தோறும் திட்டினார். அதை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி நடைமுறைப்படுத்தியது பில் கிளின்டன் ஆட்சி. அன்று நடுநிலை என்று பெயர் வாங்கிய முடிவு அது. அதே ஆண்டு மிஷிகன், விஸ்கான்சின் பிரைமரிகளில் சாண்டர்ஸ் வென்றிருந்தார் என்பது எச்சரிக்கை மணி.

2024இல் ஹாரிஸ் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த, பிரதிநிதிகள் சபையின் முன்னாள் உறுப்பினர் லிஸ் செனியோடு மேடை ஏறினார். நடுநிலையைக் காட்ட அதைவிட வெளிப்படையான சைகை இல்லை. ஆனால் விலைவாசியால் கோபமாக இருந்தவருக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. மறுபக்கம், 2019இல் ஹாரிஸ் எடுத்த இடது பண்பாட்டு நிலைப்பாடுகளை டிரம்பின் விளம்பரங்கள் தோண்டியெடுத்து ஒளிபரப்பின. பொருளாதாரத்தில் அடங்கிய குரல், பண்பாட்டில் பழைய சுமை: இரண்டு தெருவிலும் தவறான முனை. மையவாதிகள் இதை இடதின் தோல்வி என்கிறார்கள், இடதுசாரிகள் மையத்தின் தோல்வி என்கிறார்கள். இருவரும் தம் பாதியை மட்டும் சொல்கிறார்கள் என்பது என் கணிப்பு.

மையவாதத்தின் அடிப்படைக் கோளாறு, அது பல நேரம் நிலைப்பாடாக இல்லாமல் தொனியாக மட்டும் இருப்பது. மென்மையாகப் பேசுவது, யாரையும் பகைக்காமல் இருப்பது. மான்ச்சினும் கோல்டனும் அப்படி வென்றவர்கள் அல்ல. தம் கட்சியோடு சண்டையிட்டு, அந்தச் சண்டை உள்ளூர் செய்தியில் வரும்படி பார்த்துக்கொண்டவர்கள்.

பிரிட்டனிலும் இதே வழக்கு நடக்கிறது. அங்கே எண்கள் இன்னும் குழப்பும். தொழிலாளர் கட்சி ஜெரமி கோர்பின் தலைமையில் 2019இல் ஒரு கோடியே இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கிப் படுதோல்வி அடைந்தது. மையத்துக்கு நகர்ந்த கியர் ஸ்டார்மர் 2024இல் 97 லட்சம் வாக்கு வாங்கி 411 இடங்களை வென்றார். வாக்கு குறைந்தும் இடம் இரட்டிப்பானதற்குக் காரணம், வலதுசாரி வாக்கை ரிஃபார்ம் கட்சி பிளந்ததுதான். ஸ்டார்மரின் மையவாதம் வாக்காளரைத் திரட்டவில்லை, பயமுறுத்தாமல் இருந்தது. எதிரணி உடைந்திருக்கும்போது அதுவே போதும்.

2025 நவம்பர் 4

அன்று மூன்று தேர்தல்கள். நியூயார்க் மேயராக மம்தானி 50 சதவீதத்தைச் சற்றே தாண்டி வென்றார். வர்ஜீனியா ஆளுநராக மிதவாதி அபிகெயில் ஸ்பான்பெர்கர் 15 புள்ளியில் வென்றார். நியூஜெர்சியில் இன்னொரு மிதவாதி மிக்கி ஷெரில் 13 புள்ளிக்கு மேல் வென்றார். மறுநாள் இரு முகாமும் கொண்டாடின.

மம்தானியின் வெற்றியை மற்ற ஊர்களுக்குப் பாடமாக எடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஓராண்டு முன்பு ஹாரிஸ் 68 சதவீதம் வாங்கிய நகரம் அது. ஸ்பான்பெர்கரின் வெற்றியிலும் தள்ளுபடி உண்டு. 1977இலிருந்து வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில், வெள்ளை மாளிகையில் இல்லாத கட்சியே வென்று வந்திருக்கிறது; விதிவிலக்கு 2013 மட்டும். அலை அடிக்கும் ஆண்டில் எல்லாப் படகும் உயரும்.

மூவரும் எதைப் பேசினார்கள் என்று பார்த்தால் சண்டைக்காரர்களுக்குச் சங்கடம்தான். மம்தானி வாடகை உயர்வை நிறுத்துவேன், பேருந்தை இலவசமாக்குவேன் என்றார். மிதவாதி ஷெரில் மின்கட்டண உயர்வை நிறுத்த முதல் நாளே அவசரநிலை அறிவிப்பேன் என்றார். விலை உறைய வைப்பதைவிடப் பாப்புலிசமான வாக்குறுதி எது? இன்னொரு பக்கம் மம்தானி, காவல்துறையைப் பற்றி முன்பு எழுதியவற்றுக்கு மன்னிப்புக் கேட்டார், ஆணையர் ஜெசிக்கா டிஷ்ஷே தொடரட்டும் என்றார். அது மையவாதிகளின் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்த பக்கம். தன் ஊரின் நடுவை நோக்கி ஆளுக்கு ஒரு திசையிலிருந்து நடந்து வந்திருக்கிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. வாழ்க்கைச் செலவில் சண்டைக்காரராக இரு. பண்பாட்டில் உன் தொகுதியின் நடுப்புள்ளிக்கு அருகில் நில். கடினமான இடங்களில் எதிர்பார்ப்பைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் இந்தக் கலவையைத்தான் வைத்திருந்தார்கள். சொல்வது எளிது, செய்வது கடினம். பிரைமரியில் வாக்களிக்கும் கட்சிக்காரருக்கு இரண்டாவது பாதி பிடிக்காது, காசோலை எழுதும் நன்கொடையாளருக்கு முதல் பாதி பிடிக்காது. இந்தக் கலவை அபூர்வமாகக் கிடைப்பதன் காரணம் அதுதான்.

2026 நவம்பர் 3ஆம் தேதிக்கான, அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலில் இதைச் சோதிக்க இரண்டு போட்டிகள் போதும். நெப்ராஸ்காவில் ஆஸ்போர்ன் மறுபடி சுயேச்சையாக, இம்முறை செனட்டர் பீட் ரிக்கெட்ஸை எதிர்த்துக் களமிறங்கியிருக்கிறார். ஓஹையோவில் பிரவுன் திரும்பி வந்திருக்கிறார். பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்: நெப்ராஸ்காவுக்கு 20, ஓஹையோவுக்கு 11; ஹாரிஸ் 2024இல் அங்கே பின்தங்கிய புள்ளிகள். முடிவு வந்ததும் முதலில் இவற்றோடு கழித்துப் பாருங்கள். பிறகு நாடு முழுவதும் கட்சி அதே அளவுகோலில் எத்தனை புள்ளி முன்னேறியது என்று பார்த்து அதையும் கழியுங்கள். எஞ்சியிருப்பதே அந்த வேட்பாளரின் சொந்தச் சம்பாத்தியம்.